புக்கிட் தீமாவில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தவர்: யார் இந்த வாலஸ்?

ஆங் மோ கியோ வட்டாரத்தில் வசிப்பவரா நீங்கள்? அப்படியென்றால் பீஷான்-ஆங் மோ கியோ பூங்காவில் ஓடும் காலாங் ஆற்றில் நீர்நாய்களைப் பார்த்திருப்பீர்கள். கைத்தொலைபேசியில் படம்கூட எடுத்திருப்பீர்கள்.

அந்தப் பூங்காவிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது புக்கிட் தீமா குன்று. சுமார் 170 ஆண்டுக்கு முன், கையில் வலையும் சின்னச் சின்னப் புட்டிகளுமாக ஒரு பிரிட்டிஷ்காரர் தினமும் அந்தக் காட்டுக்குள் போய் வந்தார். அவர் தேடியது வண்டுகளை.

அவர் பெயர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ். இயற்கைத் தேர்வு என்றதும் நம் எல்லாருக்கும் டார்வின்தான் ஞாபகத்துக்கு வருவார். அதே கருத்தைத் தனியாக யோசித்துக் கண்டுபிடித்த இன்னொருவர்தான் வாலஸ்.

உயிரினங்கள் எப்படி உருவாகின்றன என்று விளக்கிய அவரே, மனிதரால் அவை எவ்வளவு வேகமாக அழியக்கூடும் என்றும் எச்சரித்தார். அந்த இரண்டு பாடங்களையும் நம் தீவில் இன்றும் பார்க்கலாம்.

பாதியில் நின்ற பள்ளிப்படிப்பு

வாலஸ் 1823ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி வேல்ஸில் பிறந்தார். வீட்டில் பணக் கஷ்டம். 14 வயது வாக்கிலேயே பள்ளியை விட வேண்டியதாயிற்று.

அண்ணனுடன் சேர்ந்து நிலம் அளக்கும் வேலைக்குப் போனார். வயல், மலை, சதுப்பு நிலம் என்று சுற்றியபோது செடிகொடிகள்மீது ஆர்வம் வந்தது. பின்னர் லெஸ்டர் நகரில் ஆசிரியராக வேலை பார்த்தபோது ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற இளைஞரின் நட்பு கிடைத்தது. அவர் மூலமாக வண்டுகள்மீது பைத்தியம் பிடித்தது என்றே சொல்லலாம்.

டார்வினைப் போல் குடும்பச் சொத்து கிடையாது. அதனால் இருவரும் ஒரு திட்டம் போட்டார்கள். வெப்பமண்டலக் காடுகளில் பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்து லண்டனில் விற்பது, அந்தப் பணத்தில் ஆராய்ச்சியைத் தொடர்வது. 1848இல் அமேசானுக்குக் கப்பலேறினார்கள்.

நான்கு ஆண்டுக்குப் பிறகு, 1852இல் வாலஸ் ஊர் திரும்பும் வழியில் நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. அவர் கூடவே கொண்டுவந்த சேகரிப்பு ஏறக்குறைய முழுவதும் சாம்பலாயிற்று. திறந்த படகில் 10 நாள் மிதந்த பிறகு வேறொரு கப்பல் காப்பாற்றியது.

வேறு யாராக இருந்தாலும் போதும்டா சாமி என்று வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள். வாலஸ் இரண்டே ஆண்டில் மறுபடியும் புறப்பட்டார். இந்த முறை கிழக்கு நோக்கி.

1854: சிங்கப்பூரில் என்ன பார்த்தார்?

1854ஆம் ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூர் வந்து இறங்கினார் வாலஸ். அப்போது அவருக்கு வயது 31. உதவிக்கு சார்லஸ் ஆலன் என்ற பதின்ம வயதுப் பையன்.

அன்றைய துறைமுகத்தில் மலாய்க்காரர்கள், சீனர்கள், இந்தியர்கள், அரேபியர்கள், ஜாவாக்காரர்கள் என்று பலரும் கூடியிருந்ததை அவர் வியந்து எழுதியிருக்கிறார். ஆனால் அவருடைய மனம் நகரத்தில் நிற்கவில்லை.

நேராக புக்கிட் தீமாவுக்குப் போனார். அங்கே பிரெஞ்சுப் பாதிரியார் அனத்தோல் மோதுயி 1846இல் தொடங்கிய புனித ஜோசப் தேவாலயம் இருந்தது. அவருடைய விருந்தினராகத் தங்கிக்கொண்டார். அப்பர் புக்கிட் தீமா சாலையில் அந்தத் தேவாலயம் இன்றும் இயங்குகிறது. கட்டடம் மட்டும் புதியது.

இரண்டு மாதத்தில் கிடைத்தவை சுமார் 700 வகை வண்டுகள். 700 வண்டுகள் இல்லை, 700 *வகை*. அவற்றில் பல அதுவரை அறிவியலுக்கே தெரியாதவை. நீண்ட உணர்கொம்புகள் கொண்ட வண்டுகள் மட்டும் 130 வகை. இவ்வளவும் ஒரு சதுர மைலுக்கு மிகாத காட்டுத் துண்டில், அதாவது சுமார் 2.6 சதுர கிலோமீட்டரில் கிடைத்தன.

அவ்வளவு சின்ன இடத்தில் எப்படி இவ்வளவு? வளமான மண், நல்ல மழை, இதமான வெப்பம் ஆகியவை ஒரு பக்கம். இன்னொரு காரணத்தையும் வாலஸ் சொன்னார். அதுதான் சுவாரசியம்.

அங்கே சீன மரவெட்டிகள் பல ஆண்டாக மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிப்போட்ட மரம், உரித்த பட்டை, காய்ந்த இலை, மரத்தூள் எல்லாம் காட்டுத் தரையில் குவிந்து கிடந்தன. வண்டுகளுக்கும் அவற்றின் புழுக்களுக்கும் அது நல்ல தீனி.

யோசிச்சுப் பாருங்க. காடு அழிக்கப்பட்ட இடத்தில் நின்றுகொண்டுதான் காட்டின் செல்வத்தை அவர் எண்ணிக்கொண்டிருந்தார். வண்டுகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் வெட்ட மரம் இருக்கிறவரைதான் அந்த விருந்து.

புலி இருந்த தீவு

அப்போது சிங்கப்பூரில் புலிகள் இருந்தன. தோட்டங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களில் சராசரியாக நாளுக்கு ஒருவர் புலிக்கு இரையாவதாக வாலஸ் எழுதினார். காட்டில் ஆங்காங்கே புலியைப் பிடிக்க வெட்டிய ஆழமான குழிகள், மேலே குச்சியும் இலையும் போட்டு மூடியபடி இருந்தன. வண்டைத் தேடிப்போகிறவர் எங்கே கால் வைக்கிறோம் என்று பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

புலி ஏன் மனிதரைத் தாக்கியது? அதன் காட்டுக்குள் தோட்டங்கள் புகுந்துவிட்டன. அந்தக் காலத்தில் இங்கே காம்பியர் என்ற பயிர் பெரிய வியாபாரம். தோல் பதனிடவும் சாயம் போடவும் அது பயன்பட்டது. அதன் இலையைக் கொதிக்கவைக்க ஏராளமான விறகு வேண்டும். மண்ணின் சத்து தீர்ந்ததும் அந்தத் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த காட்டை வெட்டுவார்கள்.

19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் தீவின் பெரும்பகுதிக் காடு போய்விட்டது. பிறகு ரப்பர் வந்தது. சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப் புலி 1930இல் சுவா சூ காங் பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டது.

காய்ச்சலில் பிறந்த கருத்து

சிங்கப்பூரைத் தளமாக வைத்துக்கொண்டு எட்டு ஆண்டு தீவுத்தீவாகப் பயணம் செய்தார் வாலஸ். சரவாக், ஜாவா, சுலாவெசி, நியூ கினி வரை போனார்.

1856இல் பாலியிலிருந்து லொம்போக்குக்குப் போனார். இரண்டு தீவுக்கும் நடுவே இருப்பது குறுகிய நீரிணைதான். ஆனால் பாலியில் பார்த்த குக்குறுவான் பறவை லொம்போக்கில் கண்ணில் படவில்லை. அதற்குப் பதில் ஆஸ்திரேலியப் பக்கத்து வெள்ளைக் காக்கட்டூ கிளிகள் இருந்தன. ஆசிய உயிரினங்களையும் ஆஸ்திரேலிய உயிரினங்களையும் பிரிக்கும் அந்த எல்லைக்கு இன்றும் வாலஸ் கோடு என்றுதான் பெயர்.

1858 பிப்ரவரி. இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தார் வாலஸ். மக்கள்தொகை பற்றி மால்தஸ் எழுதிய புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. நோயும் பஞ்சமும் மனிதரின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகின்றன என்றால், விலங்குகளிலும் அப்படித்தானே? அப்படியானால் எது பிழைக்கிறது, எது சாகிறது?

விடை அவருக்குக் கிடைத்தது. உடம்பு கொஞ்சம் தேறியதும் அதைக் கட்டுரையாக எழுதி முடித்தார்.

சரி, இயற்கைத் தேர்வுன்னா என்ன?

மூன்றே விஷயம்தான்:

- ஓர் உயிரினத்தில் பிறப்பவை ஏராளம். வளர்ந்து பெரிதாகிறவை கொஞ்சம்.
- ஒரே இனத்தில் பிறந்தாலும் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. நிறம், அளவு, வேகம் எனச் சின்னச் சின்ன வேறுபாடு இருக்கும்.
- எந்த வேறுபாடு பிழைக்க உதவுகிறதோ, அதைக் கொண்டவை அதிகக் குஞ்சு பொரிக்கும். அந்தக் குணம் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

வாலஸ் சுமத்ராவில் பார்த்த ஒரு வண்ணத்துப்பூச்சி நல்ல உதாரணம். பறக்கும்போது பளிச்சென்று இருக்கும். செடியில் உட்கார்ந்து சிறகை மூடினால் காய்ந்த இலை மாதிரியே மாறிவிடும். காம்பு, நடு நரம்பு எல்லாம் அச்சு அசல் இலைதான்.

பூச்சி தானாக அப்படி மாற நினைக்கவில்லை. இலை மாதிரி கொஞ்சம் தெரிந்தவை பறவையின் கண்ணுக்குத் தப்பின. தெரியாதவை இரையாயின. எத்தனையோ தலைமுறை இப்படியே போனதில் சிறகு இலையாகிவிட்டது.

இதில் முக்கியமான சொல் தலைமுறை. இயற்கைத் தேர்வுக்குக் காலம் வேண்டும். அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

கட்டுரை டார்வினிடம் போனது எப்படி?

வாலஸ் அந்தக் கட்டுரையைத் தபாலில் டார்வினுக்கு அனுப்பினார். 1858 ஜூனில் அதைப் படித்த டார்வின் அதிர்ந்துபோனார். அவர் 20 ஆண்டாக வெளியிடாமல் தள்ளிப்போட்டு வந்த அதே கருத்து!

டார்வினின் நண்பர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1858 ஜூலை 1ஆம் தேதி லண்டனின் லின்னேயன் சங்கத்தில் இருவரின் எழுத்தும் ஒன்றாக வாசிக்கப்பட்டது. வாலஸிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அவர் உலகின் இன்னொரு மூலையில் இருந்தார். அடுத்த ஆண்டு டார்வினின் புத்தகம் வந்தது. புகழ் பெரும்பாலும் டார்வினுக்கே போனது.

வாலஸ் கசப்பு காட்டவில்லை. 1889இல் தாம் எழுதிய புத்தகத்துக்கு டார்வினியம் என்றே பெயர் வைத்தார். பின்னாளில் அவர் பணக் கஷ்டத்தில் தவித்தபோது, 1881இல் ஆண்டுக்கு 200 பவுண்டு அரசாங்க ஓய்வூதியம் கிடைக்க முன்னின்று உதவியவர் டார்வின்.

பெயர் வராத இன்னொருவர்

வாலஸுக்கே புகழ் முழுதாகக் கிடைக்கவில்லை என்கிறோம். அவருக்காக உழைத்தவர்கள்?

சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞர் முதலில் சமையலுக்குத்தான் சேர்ந்தார். சீக்கிரமே பறவைகளைச் சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்றுக்கொண்டு வாலஸின் வலக்கையானார். 1858இல் பாச்சான் தீவில் அதுவரை அறிவியல் அறியாத ஒரு சொர்க்கப் பறவையைக் கொண்டுவந்தவர் அலி. பறவைக்கு வைக்கப்பட்ட பெயரோ வாலஸுடையது.

1862இல் இருவரும் பிரிந்தது சிங்கப்பூரில்தான். அதற்கு முன் அலியை ஒரு புகைப்படம் எடுக்கவைத்தார் வாலஸ். அந்தப் படம் இன்றும் இருக்கிறது.

எட்டு ஆண்டில் சேர்ந்தவை:

- மொத்தம் 125,660 மாதிரிகள்
- வண்டுகள் 83,200
- வண்ணத்துப்பூச்சிகள் 13,100
- பறவைகள் 8,050
- பாலூட்டிகள் 310

ஆராய்ச்சியின் இன்னொரு பக்கம்

அந்த 310 பாலூட்டிகளில் ஒராங் உத்தான்களும் உண்டு. சரவாக்கில் பல ஒராங் உத்தான்களை வாலஸ் சுட்டார். ஒருமுறை தாயைச் சுட்டபிறகு சேற்றில் கிடந்த குட்டியைக் கண்டார். எடுத்து வந்து வளர்த்தார். பால் கிடைக்காததால் சோற்றுக் கஞ்சி கொடுத்தார். அது கையைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் அது இறந்துபோனது.

அன்று ஆராய்ச்சி என்றால் இப்படித்தான் நடந்தது. இன்று படிக்கும்போது நமக்கு நெஞ்சு கனக்கிறது. வாலஸ் எல்லாவற்றிலும் சரியாக இருந்தவரும் கிடையாது. பிற்காலத்தில் ஆவிகளுடன் பேசலாம் என்று நம்பினார். தடுப்பூசியை எதிர்த்தார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் தம் காலத்தைத் தாண்டி யோசித்தார்.

எச்சரிக்கை மணி

அரு தீவுகளில் சிவப்பு நிறச் சொர்க்கப் பறவை ஒன்று அவர் கைக்கு வந்தது. மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் வந்தது. நாகரிக மனிதன் ஒரு நாள் இந்தக் காட்டுக்கும் வருவான், இயற்கையின் சமநிலையைக் குலைப்பான், எந்த உயிரின் அழகை அவனால் மட்டுமே ரசிக்க முடியுமோ அதையே அழித்துவிடுவான் என்று எழுதினார். எல்லா உயிரும் மனிதனுக்காகவே படைக்கப்பட்டதில்லை என்றும் சொன்னார்.

1863இல் இன்னும் தெளிவாகச் சொன்னார். பூமியின் வரலாறு ஒரு புத்தகம் என்றால், ஒவ்வோர் உயிரினமும் அதில் ஓர் எழுத்து. எழுத்துகள் தொலைந்தால் புத்தகத்தைப் படிக்க முடியாமல் போய்விடும் என்பது அவருடைய வாதம்.

1878இல் வந்த நூலில் இலங்கையையும் இந்தியாவையும் எடுத்துக்காட்டினார். காப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடுகளை வெட்டினால், வெப்பமண்டல மழை மேல்மண்ணை அடித்துக்கொண்டு போகும், பருவநிலை கெடும், நாடு ஏழையாகும் என்று எச்சரித்தார். நம் மக்கள் தமிழகத்திலிருந்து கூட்டங்கூட்டமாக வேலைக்குப் போன அதே மலைத்தோட்டங்கள்தாம் அவை.

1880இல் செயின்ட் ஹெலினா தீவின் கதையை எழுதினார். 1513இல் அங்கே ஆடுகள் கொண்டுவரப்பட்டன. இளஞ்செடிகளை அவை மேய்ந்துவிட்டதால் பழைய மரங்களுக்குப் பதில் புது மரங்கள் வளரவில்லை. காடே போயிற்று. அங்கே மட்டும் இருந்த பல செடிகளும் போயின.

மனிதர் வந்தால் என்ன மாறுகிறது?

இப்போது அந்தத் தலைமுறைக் கணக்குக்கு வருவோம். சூழல் மெதுவாக மாறினால் உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக ஈடுகொடுக்கும். மனிதர் மாற்றும் வேகம் அப்படி இல்லை.

சில சமயம் நாமே தேர்வு செய்பவர்களாகிவிடுகிறோம். மொஸாம்பிக்கின் கொரொங்கோசா தேசியப் பூங்கா அதற்கு உதாரணம். 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். தந்தத்துக்காக யானைகள் கொன்று குவிக்கப்பட்டன. தந்தம் இல்லாத யானைகளை யாரும் தொடவில்லை. போருக்கு முன் தந்தமில்லாத பெண் யானைகள் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. போருக்குப் பின் ஏறக்குறைய பாதி. ஆய்வு முடிவு 2021இல் வெளிவந்தது. நடந்தது இயற்கைத் தேர்வேதான். தேர்ந்தெடுத்தது துப்பாக்கி.

நம் ஊரில் ஜாவா மைனாவைப் பாருங்கள். காப்பிக்கடையில் உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்குமே, அதுதான். கூண்டுப் பறவையாக இங்கே வந்தது. நகர வாழ்க்கை அதற்குப் பொருந்திப்போனதால் தீவெங்கும் பெருகிவிட்டது. ஆனால் சொந்த ஊரான ஜாவாவில் அதிகம் பிடிக்கப்பட்டதால் அழிவு அபாயத்தில் உள்ள பறவைகளின் பட்டியலில் இருக்கிறது.

எல்லா உயிருக்கும் அப்படி அதிர்ஷ்டம் அடிப்பதில்லை. கடந்த இரண்டு நூற்றாண்டில் சிங்கப்பூர் தன் உயிரினங்களில் சுமார் 37 விழுக்காட்டை இழந்திருக்கக்கூடும் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. யாரும் பார்த்துப் பெயர் வைப்பதற்கு முன்பே மறைந்தவையும் அந்தக் கணக்கில் அடங்கும்.

போனது திரும்பி வருமா?

சில வரும். காலாங் ஆறே சாட்சி. ஆங் மோ கியோ பக்கம் அது முன்பு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேரான கான்கிரீட் கால்வாயாக இருந்தது. அதை உடைத்து 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றினார்கள். 2012இல் பூங்கா மறுபடியும் திறக்கப்பட்டது. பிறகு நீர்நாய்க் குடும்பம் குடிவந்தது.

நீர்நாய்கள் 1970களுக்குள் சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோயிருந்தன. 1998இல் சுங்கை பூலோவில் ஒரு ஜோடி மீண்டும் தென்பட்டது. இருவாச்சிப் பறவையும் அப்படித்தான். 1994இல் புலாவ் உபினில் மறுபடி காணப்பட்டது.

புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி 1883 முதல் பாதுகாக்கப்படுகிறது. பரப்பளவு 163 ஹெக்டர், அதாவது 1.63 சதுர கிலோமீட்டர். வாலஸ் வண்டு பிடித்த காட்டுத் துண்டைவிடச் சிறியது! 1980களில் புக்கிட் தீமா விரைவுச்சாலை வந்து அதை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து துண்டித்தது. எறும்புத்தின்னி போன்ற விலங்குகள் சாலையில் அடிபட்டன. 2013இல் சாலைக்கு மேலே விலங்குகளுக்கென்றே மரம் செடி வளர்த்து ஒரு பாலம் அமைக்கப்பட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீர்நாயும் இருவாச்சியும் வேறு எங்கோ உயிரோடு இருந்ததால்தான் இங்கே திரும்பி வந்தன. வர வேறு இடமே இல்லாத உயிர்களுக்கு?

சிங்கப்பூர் நன்னீர் நண்டு அப்படிப்பட்டது. 1986இல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. சுமார் 3 சென்டிமீட்டர் அகலமே இருக்கும். சிங்கப்பூரின் ஓடைகள் சிலவற்றைத் தவிர உலகத்தில் வேறு எங்குமே கிடையாது. 2012இல் உலகிலேயே அதிக ஆபத்தில் உள்ள 100 உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. பாதுகாப்பான சூழலில் இனப்பெருக்கம் செய்யவைத்து ஓடைகளில் விடும் முயற்சி நடக்கிறது. ஓடை கெட்டால் அந்த நண்டு சிங்கப்பூரிலிருந்து மட்டுமல்ல, உலகத்திலிருந்தே போய்விடும். வாலஸ் சொன்ன புத்தகத்தின் ஓர் எழுத்து.

நீங்கள் என்ன செய்யலாம்?

வாலஸ் 1913ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி, 90 வயதில் இங்கிலாந்தில் காலமானார். டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் அவர் பெயரில் ஒரு நடைபாதை இருக்கிறது. வாரயிறுதியில் பிள்ளைகளோடு போய்வாருங்கள். போகும்போது:

- பாதையை விட்டு விலகாதீர்கள். ஓடைகளில் இறங்காதீர்கள்.
- குரங்கு, நீர்நாய், காட்டுக்கோழி எதற்கும் தீனி போடாதீர்கள். 2020 முதல் வனவிலங்குச் சட்டத்தின்கீழ் அது குற்றம்.
- வீட்டில் வளர்த்த மீன், ஆமை, பறவை எதையும் புண்ணியம் என்று நினைத்துக் கொண்டுபோய் விடாதீர்கள். செயின்ட் ஹெலினாவில் விடப்பட்டதும் சில ஆடுகள்தாம்.